எட்டால் வகுத்த நேரம்

வாஸ்கிதோவின் வீம்பை அளக்க ஊரார் வேண்டாம், அவன் மனைவி விலுஜெங் சொல்வதே போதும். "எங்க வீட்டுக்காரருக்குப் பசிச்சாலும், சமைக்கத் தெரியும்னு நிரூபிச்சிட்டுத்தான் சாப்பிடுவாரு" என்பாள். கிழக்கு ஜாவாவில் சிடோர்ஜோ பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில் அவனுக்கு மின்பிரிவில் வேலை. வீட்டுக்கு வந்தால் சமையலறை மேசையில் பாதி அவனுடையது. சால்டரிங் அயன், ஈயக் கம்பி, பக்கத்துக்குப் பதினாலு கால் வைத்த கறுப்புச் சிப்புகள், இதுதான் அவன் உலகம். மீன் தொட்டிக்குத் தானாகத் தீனி போடும் பெட்டி, தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கத்தும் பெட்டி என்று தெருவில் பாதி வீட்டில் அவன் கைவேலை தொங்கியது. கூலி கேட்க மாட்டான். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், அது போதும்.

இந்தச் சிப்புகள் வாங்கியவுடன் வெற்று மண்டைகள். கணினியில் எழுதிய நிரலை அவற்றுக்குள் இறக்க நடுவில் ஒரு சின்னப் பலகை வேண்டும். அந்தப் பக்கத்து ஆட்கள் அதை டவுன்லோடர் என்பார்கள். ஆறு வருடமாக வாஸ்கிதோவிடம் இருந்தது பழைய காலத்து டவுன்லோடர். கணினியின் முதுகில் பிரிண்டர் செருகும் அகலமான துளையில் மாட்டுவது. பழைய கணினி செத்தது. புது மடிக்கணினி வந்தது. அதில் அகலத் துளையே இல்லை, யு.எஸ்.பி. மட்டும்தான்.

சுராபாயாவில் கெந்தெங் சந்தைக்குப் போனான். அங்கே மாடிப்படிக்குக் கீழே கோ லியோங்கின் கடை. ஆறு வருடமாகச் சிப்பு, கம்பி, கிரிஸ்டல் எல்லாம் அவரிடம்தான். இவன் அவரைச் சீன வழக்கப்படி 'கோ', அதாவது அண்ணன் என்பான்; அவர் இவனை ஜாவா வழக்கப்படி 'மாஸ்' என்பார். அறுபது வயதை நெருங்குகிற ஆள். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு அதையே தேடுவார்.

"யு.எஸ்.பி. டவுன்லோடரா? இந்தா மாஸ், ரெடியா இருக்கு. ப்ளக்கைச் சொருகு, வேலையப் பாரு" என்று கைவிரல் அளவு நீலப் பலகை ஒன்றை எடுத்து வைத்தார்.

வாஸ்கிதோ அதைப் புரட்டிப் பார்த்தான். "இதுல என்ன இருக்கு கோ? ஒரு சிப்பு, ஒரு கிரிஸ்டல், நாலு ரெசிஸ்டர். நானே செஞ்சுக்குவேன்."

"செய்யலாமே. ஆனா அந்தச் சிப்புக்குள்ள முதல்ல நிரலை எழுதணுமே. எதை வெச்சு எழுதுவே?"

"டவுன்லோடர் வெச்சு."

"அது எங்க இருக்கு?"

கடையில் நின்ற கல்லூரிப் பையன்கள் சிரித்துவிட்டார்கள். டவுன்லோடர் செய்ய டவுன்லோடர் வேண்டும். கோழி முதலா முட்டை முதலா கதைதான். கோ லியோங்கும் சிரித்தார். அதோடு விட்டிருக்கலாம். மனுஷனுக்கு நாக்கில் சனி.

"என் கை படாம உன்னால ஒரு சிப்பைக்கூட எழுப்ப முடியாது மாஸ். கொடு, முதல் சிப்பை நானே எழுதித் தரேன்."

உதவியாகத்தான் சொன்னார். ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னார். வாஸ்கிதோவின் காது மடல் சிவந்துபோயிற்று. "ரொம்பச் சந்தோஷம் கோ. இனிமே உங்க கை படாமலே பாத்துக்கறேன்" என்று வண்டியை எடுத்துவிட்டான். பின்னால் அவர் ஏதோ கூப்பிட்டார். இவன் திரும்பவில்லை.

வீம்பு சோறு போடாது என்பார்கள். வாஸ்கிதோவுக்கு அது டவுன்லோடர் போட்டது. ஆலையில் கரும்பு லாரி எடைபோடும் அறையில் ஓர் ஓட்டைக் கணினி. அதன் முதுகில் அகலத் துளை இருந்தது. மதிய இடைவேளையில் எடைக்காரரின் கையைக் காலைப் பிடித்து அங்கே உட்கார்ந்தான். வீட்டு மேசை இழுப்பறையில் கிடந்த பழைய சிப்பு ஒன்றில் பழைய டவுன்லோடரை வைத்துப் புது டவுன்லோடரின் நிரலை இறக்கினான். வீட்டுக்கு வந்து பலகையில் பொருத்தி, மடிக்கணினியில் செருகினான். பச்சை விளக்கு எரிந்தது.

"டிக், இங்க வா! வந்து பாரேன்!" என்று மனைவியைக் கூப்பிட்டான்.

விலுஜெங் கரண்டியோடு வந்து பார்த்தாள். "விளக்கு எரியுது" என்றாள்.

"விளக்கா? கோழியில்லாம முட்டை பொரிச்சிருக்கேன்டி!"

"அப்ப அந்த முட்டையை நகர்த்துங்க, நான் வெங்காயம் நறுக்கணும்" என்றாள் அவள். ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்து அவளுக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு கெந்தெங் பக்கமே போகவில்லை. பத்துப் புதுச் சிப்புகளைத் தபாலில் வரவழைத்தான். அந்த நேரத்தில்தான் தெருப் பள்ளிவாசலின் இமாம் பாக் காஜி முக்லாஸ் கேட்டார்.

"நோன்பு வருது கித்தோ. நம்ம பள்ளிக்கு ஒரு நல்ல கடிகாரம் செஞ்சு கொடேன். நேரமாச்சுன்னா கூவற மாதிரி."

அவர் கேட்டதில் காரணம் உண்டு. கரும்பு அரவை நடக்கிற மாதங்களில் ஆலையின் இரைச்சல் இராப்பகல் ஓயாது. தூரத்துப் பெரிய பள்ளியின் பாங்கொலி அந்தத் தெருவில் காதில் விழாது. தொலைக்காட்சியோ ஜகார்த்தா நேரத்துக்குப் பாங்கு சொல்லும். அதை நம்பினால் இருபது நிமிடம் கூடுதலாகப் பட்டினி கிடக்க வேண்டும். தெருப் பள்ளியின் கடிகாரம் என்ன சொல்கிறதோ அதற்குத்தான் நாற்பது பேர் நோன்பு திறப்பார்கள்.

வாஸ்கிதோ உயிரைக் கொடுத்துச் செய்தான். சிவப்பு எண்கள், முழு ஆண்டின் தொழுகை நேரம், சூரியன் மறைந்ததும் மஃரிபுக்குக் கூவும் ஒலிப்பான். துல்லியமாகத் துடிக்கிற கிரிஸ்டல் ஒன்றைச் சிப்புக்குப் பக்கத்தில் பற்றவைத்தான். அந்தத் துடிப்பை எண்ணித்தான் சிப்பு நொடியைக் கணக்கிடும். தன் சொந்த டவுன்லோடரால் நிரலை இறக்கினான். மின்சாரம் கொடுத்தான்.

கடிகாரம் நொண்டியது. ஒரு நொடி நகர எட்டு நொடி எடுத்துக்கொண்டது.

சிப்பை மாற்றினான். அப்படியேதான். கிரிஸ்டலை மாற்றினான், அப்படியேதான். முன்பு இதே மாதிரி எத்தனையோ பெட்டி செய்திருக்கிறான், ஒருநாளும் இந்தக் கூத்து நடந்ததில்லை. ஏன் எட்டு? ஏழும் இல்லாமல் ஒன்பதும் இல்லாமல் எட்டு? கோ லியோங்கிடம் கேட்டால் மூக்குக் கண்ணாடியைத் தேடியபடியே பதில் சொல்லிவிடுவார். தொலைபேசியைக் கையில் எடுத்தான். 'என் கை படாம' என்ற குரல் காதில் கேட்டது. கீழே வைத்துவிட்டான்.

நிரலைத் திறந்து, எண்ணிக்கையை எட்டால் வகுத்தான். கடிகாரம் சரியாக ஓட ஆரம்பித்தது. இரண்டு நாள் சமையலறையில் ஓடவிட்டு, கொஞ்சம் முன்னே பின்னே இருந்ததையும் தட்டிக்கொட்டிச் சரிசெய்தான். விடை வந்துவிட்டது, அப்புறம் கேள்வி எதற்கு என்று மனதை அடக்கிக்கொண்டான். மனம் அடங்கவில்லை. ஆனால் நோன்புக்கு ஒரு நாள்தான் இருந்தது.

நோன்பின் முந்தைய மாலை, பள்ளியின் மேற்குச் சுவரில் கடிகாரத்தை மாட்டினார்கள். "மாஷா அல்லாஹ், பெரிய பள்ளியிலகூட இப்படி இல்ல" என்றார் பாக் காஜி. கரும்பு ஏற்றி இறக்கும் பொனிரான் கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "மாஸ் கித்தோ, இது கூவற வரைக்கும் நான் உயிரோட இருக்கணும், அவ்வளவுதான்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். பொனிரானின் நோன்பு சும்மா நோன்பில்லை. ஆலை முற்றத்து வெயிலில் நாள் முழுக்கக் கரும்புக் கட்டைத் தோளில் ஏற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் வந்து உட்காருவான். கடிகாரம் கூவியதும் அவன் தண்ணீர் குடிக்கிற சத்தம் பள்ளி முழுக்கக் கேட்கும்.

முதல் நாள் கூவியது, இரண்டாம் நாள், மூன்றாம் நாள், நான்காம் நாளும் கூவியது.

ஐந்தாம் நாள் பிற்பகல், பள்ளியில் ஒரு விளக்கு எரியவில்லை என்று வாஸ்கிதோவைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏணியில் நிற்கும்போது ஆலைச் சங்கு ஊதியது. இரண்டு மணி, ஆள் மாறுகிற நேரம். தற்செயலாகத் திரும்பினான். சுவரில் சிவப்பு எண்கள் இரண்டு ஐந்து என்றன.

சங்கு பிந்திவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். மனுஷ மனம் தன் பிள்ளையைக் கடைசியாகத்தானே சந்தேகிக்கும்! ஆனால் அந்தச் சங்கை மணிக்கு ஊதவைக்கும் பெட்டியைப் பராமரிப்பவனே அவன்தான். ஏணியிலிருந்து இறங்கி, நேரம் சொல்லும் தொலைபேசி எண்ணை அழைத்தான். இரண்டு மணி, ஒரு நிமிடம் என்றது பெண் குரல். சுவரைப் பார்த்தான். இரண்டு ஆறு.

கணக்குப் போட்டான். ஐந்து நாளில் ஐந்து நிமிடம். நாளுக்கு ஒரு நிமிடம் முந்தியிருக்கிறது. தொழுகை நேர அட்டவணையில் பாதுகாப்புக்கு என்று இரண்டு நிமிடம் கூட்டிப் போட்டிருப்பார்கள். அதனால் முதல் இரண்டு நாள் தப்பித்தது. மூன்றாம் நாளும் நான்காம் நாளும் சூரியன் முழுசாக மறையும் முன்பே நாற்பது பேர் வாயில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். இரண்டு நோன்பு போச்சு. அதில் பொனிரானின் இரண்டு நோன்பு.

கடிகாரத்தைக் கழற்றி, "சின்ன வேலை, சாயங்காலம் மாட்டிடறேன்" என்று பள்ளியில் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

விலுஜெங் முழுசும் கேட்டாள். பிறகு, "யாருக்காவது தெரியுமா?" என்றாள்.

"யாருக்கும் தெரியாது. சரி பண்ணி மாட்டிட்டா ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குச் சொல்லிட்டீங்க. நான் வீட்டுக் கடிகாரத்தைப் பாத்துத் திறந்தவ, எனக்கு ஒண்ணும் போகல. போனவங்களுக்கு?"

அவன் கடிகாரத்தையும் மடிக்கணினியையும் டவுன்லோடரையும் பையில் போட்டுக்கொண்டு சுராபாயாவுக்கு வண்டியை விட்டான். நோன்பு வாயோடு ஒரு மணி நேர வெயில். சரி பண்ணுவதற்கே முதலில் என்ன கெட்டது என்று தெரிய வேண்டும். அதைச் சொல்ல ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.

கோ லியோங் அவனைக் கண்டதும் குடித்துக்கொண்டிருந்த தேநீரை மேசைக்கடியில் வைத்தார். "வா மாஸ். முகம் ஏன் இப்படி இருக்கு?"

வாஸ்கிதோ சொன்னான், எட்டையும் சேர்த்து. எட்டு என்ற சொல் வந்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தச் சிப்பு என்கிட்ட வாங்கினது இல்ல."

"இல்ல. தபால்ல வந்தது."

"கிரிஸ்டலைப் பக்கத்துல வெச்சே. சிப்பு அதைக் கேக்கவே இல்ல மாஸ். தொழிற்சாலையில இருந்து வரப்போ இது தன் வயித்துக்குள்ளயே ஒரு துடிப்பு வெச்சிருக்கும். அது மந்தம், கிரிஸ்டல் துடிக்கிறதுல எட்டுல ஒரு பங்கு. சூடு ஏறினா மாறும், கரண்டு ஏறினா மாறும். 'உள்ளே கேக்காதே, வெளிய இருக்கிற கிரிஸ்டலைக் கேளு'ன்னு சிப்புக்குத் தனியா சொல்லணும். அதுக்குத்தான் ஃபியூஸ் பிட்னு ஒரு செட்டிங்."

"நான் ஆறு வருஷமா ஃபியூஸ் பிட்டைத் தொட்டதே இல்லையே. எல்லாம் ஓடிச்சே!"

"ஓடும். நான் போட்டுக் கொடுத்தேன்ல."

வாஸ்கிதோ அவரையே பார்த்தான்.

"முத முதல்ல வந்தப்போ ஞாபகம் இருக்கா? ஃபியூஸ் பிட்டைத் தப்பா போட்டு மூணு சிப்பைச் சாகடிச்சிட்டு, இதே இடத்துல அழற மாதிரி நின்னே. அந்தப் பக்கமே போகாதேன்னு சொன்னேன். அதுக்கப்புறம் உனக்கு வித்த ஒவ்வொரு சிப்பையும் செட் பண்ணிட்டுத்தான் உறையில போடுவேன்."

"ஏன் கோ சொல்லல?"

"சொல்ல என்ன இருக்கு, அரை நிமிஷ வேலை." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னிக்குச் சொல்லியிருக்கணும். என் கை படாமன்னு நான் திமிர்ல சொல்லல, நிஜத்தைத்தான் சொன்னேன். விளக்கமா சொல்றதுக்குள்ள நீ வண்டிய எடுத்துட்டே. நானும் விட்டுட்டேன். திரும்பி வரட்டுமேன்னு ஒரு அல்ப ஆசை."

அப்போதுதான் வாஸ்கிதோவுக்கு உறைத்தது. கோழியில்லாமல் முட்டை பொரித்தேன் என்று மார்தட்டினானே, அந்த டவுன்லோடருக்குள் இருந்த பழைய சிப்பும் இதே கடைச் சிப்புதான். அதனால்தான் பச்சை விளக்கு எரிந்தது. அவமானமாக இருந்தது. அதைவிட, ஆறு வருடம் ஒருவர் சத்தமில்லாமல் தன்னைத் தாங்கியிருக்கிறார் என்பது பெரிதாகப் பட்டது.

கோ லியோங் தன் டவுன்லோடரை எடுத்தார், பிறகு திரும்ப வைத்துவிட்டார். "உன்னோடதுலயே போடு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"செத்துட்டா?"

"செத்தா இன்னொண்ணு தரேன். போடு."

போட்டான். சிப்பு சாகவில்லை. கடிகாரத்துக்கு மின்சாரம் கொடுத்ததும் நொடிகள் பேய் பிடித்தாற்போல் எட்டு மடங்கு வேகத்தில் பறந்தன. பொய்க் கணக்கு நிரலுக்குள் அப்படியே கிடந்ததே! வகுத்த எட்டையும், அப்புறம் தட்டிக்கொட்டியதையும் திரும்ப எடுத்தான். கடிகாரம் நிதானத்துக்கு வந்து, நொடிக்கு நொடி அடிவைத்தது. கோ லியோங் அவன் டவுன்லோடரைக் கையில் எடுத்து, பின்பக்கத்துப் பற்றவைப்புகளை வெளிச்சத்தில் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கே. நான் விக்கிறதைவிடச் சுத்தம்" என்றார்.

கிளம்பும்போது மெதுவாகக் கேட்டார். "ஊர்ல என்ன சொல்வே?"

"தெரியல கோ."

"ஆலை கரண்டு ஏறி இறங்குதுன்னு சொல்லிடு. நீ மின்பிரிவு ஆளு, எல்லாரும் நம்புவாங்க. நான் உங்க மார்க்கம் இல்ல, சொல்ல எனக்கு உரிமையும் இல்ல. உன் முகத்தைப் பாத்துப் பொறுக்காமச் சொல்றேன்."

திரும்பும் வழியெல்லாம் அந்த யோசனை பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கரண்டுக்கு வாயில்லை, மறுத்துப் பேசாது. ஆனால் கரண்டு மேல் பழி போடுவதும் எட்டால் வகுப்பதும் ஒன்றுதான் என்று அவனுக்குப் பட்டது. விடையைச் சரிக்கட்டிவிட்டால் கேள்வி போய்விடாது.

பள்ளிக்கு வந்து, சரியான நேரம் வைத்துக் கடிகாரத்தை மாட்டியபோது மஃரிபுக்குக் கால் மணி நேரம் இருந்தது. வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் தேங்காய்ப்பாலில் வாழைப்பழம் வேகவைத்த கோலாக் கிண்ணம், ஒரு கோப்பைத் தண்ணீர். வாஸ்கிதோ உட்காரவில்லை.

"பாக் காஜி, ஒண்ணு சொல்லணும்."

சொன்னான். நாளுக்கு ஒரு நிமிடம் என்றும், மூன்றாம் நாளும் நான்காம் நாளும் என்றும் சொன்னான்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், பாவம், கை நீட்டித் தூக்கிவிடவே பார்த்தார். "ஆலை கரண்டு பண்ற வேலையா இருக்கும். நம்ம வீட்டு டிவிகூட..."

"கரண்டு மேல தப்பில்ல" என்றான் வாஸ்கிதோ. "தப்பு என்னோடது. அது கோளாறுன்னு செய்யும்போதே தெரிஞ்சுது. ஒருத்தரைக் கேட்டா சொல்லியிருப்பாரு. கேக்க எனக்கு மனசு வரல. அதான் காரணம், வேற ஒண்ணுமில்ல."

பாக் காஜி தாடியைத் தடவினார். "தெரியாம திறந்ததுக்குக் குத்தமில்ல. ஆனா அந்த ரெண்டு நாளும் கணக்குல வராது. பெருநாளுக்கு அப்புறம் இங்க திறந்த எல்லாரும் ரெண்டு நோன்பைத் திரும்பப் பிடிக்கணும்" என்றார்.

"திரும்பப் பிடிக்கணுமா?" பொனிரான் எழுந்துவிட்டான். "அந்த ரெண்டு நாளும் நான் ரெண்டு லாரி ஏத்தினேன் பாக் காஜி! நாக்கு உள்ள ஒட்டிக்கிச்சு. இந்த ஆளு வீட்டு மேசையில உக்காந்து ரோஷம் பாத்ததுக்கு நான் மறுபடி வெயில்ல காயணுமா?"

"பொனிரான் காங், நான்..."

"பேசாதே."

யாரும் அவனை உட்காரச் சொல்லவில்லை. அவன் கேட்டதில் தப்பில்லையே.

அந்த நேரம் பார்த்துக் கடிகாரம் கூவியது.

நாற்பது பேரில் ஒருவரும் கோப்பையைத் தொடவில்லை. செய்ததிலிருந்து முதல்முறையாக அது சரியான நேரத்துக்குக் கூவுகிறது. அது சரிதான் என்று அறிந்த ஒரே ஆள் வாஸ்கிதோ. ஆனால் அவன் வாயைத் திறந்து சொல்ல முடியாது. பாக் காஜிகூடச் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலைப் புகை மேற்கே சிவப்பா கறுப்பா என்று தெரியாமல் மூடியிருந்தது.

பொனிரான் தன் கோப்பையை எடுத்து வாஸ்கிதோவின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"நீ முதல்ல குடி. தப்பா இருந்தா உன் நோன்பு மட்டும் போகட்டும்."

வாஸ்கிதோ வாங்கினான். பிஸ்மில்லாஹ் சொல்லிக் குடித்தான். எல்லாரும் அவன் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்தார்கள். பிறகு பாக் காஜி குடித்தார், வரிசையும் குடித்தது. பொனிரான் கடைசியாக, வெளியே போய் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து குடித்தான்.

அன்றிலிருந்து அந்தப் பள்ளியில் அதுவே வழக்கமாகிவிட்டது. யாரும் பேசி முடிவு செய்யவில்லை. கடிகாரம் கூவும், எல்லாரும் வாஸ்கிதோவைப் பார்ப்பார்கள், அவன் குடிப்பான், அப்புறம்தான் மற்றவர்கள். ஒருநாள் காய்ச்சலோடும் வந்தான், ஒருநாள் ஆலையில் பாதி வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தான். தினம் இரண்டு மணிக்குப் பள்ளிக்குள் எட்டிப் பார்ப்பான். சங்கும் சிவப்பு எண்களும் ஒன்றாகவே இருக்கும். அதை யாரிடமும் சொன்னதில்லை. பொனிரான் அவனோடு பேசவுமில்லை.

முப்பதாம் நாள். அடுத்த நாள் பெருநாள். சிறுவர்கள் வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். வாஸ்கிதோ தன் இடத்தில் உட்கார்ந்து கோப்பையைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டான்.

கடிகாரம் கூவியது. அவன் கோப்பையைத் தூக்குவதற்குள் பள்ளி முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். பொனிரான் அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, பாதிக் கோப்பையைக் குடித்து முடித்திருந்தான்.